வாப்பாவின் காதும் எங்கள் பெட்டியும்

சென்ற ஷஅபான் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகை முடிந்ததும், வாப்பா எங்கள் இருவரையும் அருகில் அழைத்து உட்காரச் சொன்னார்கள்.

"எனக்கு ஓதல் மறந்துகிட்டு வருது தம்பி. அம்ம ஜுஸ்உவுலகூட என்ன ஓதுறாஹன்னு விளங்கலை. ரமளான் வர்றதுக்குள்ள யாராவது ஒரு ஆலிமைப் பார்த்து, பக்கத்துல உட்கார்ந்து ஓதிக் காட்டச் சொல்லுங்க" என்றார்கள்.

அம்ம ஜுஸ்உ என்பது வாப்பா ஏழு வயதில் நாகூரில் மக்தபில் அமர்ந்து மனனம் செய்த பகுதி. எழுபத்தொன்பது வயதில் அதுவே பிடிபடவில்லை என்று அவர்கள் சொன்னபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்று இரவு மொட்டைமாடியில் நின்று தாழ்ந்த குரலில் பேசியதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மறதி நோயின் தொடக்கமாக இருக்குமோ, எந்த மருத்துவரிடம் காட்டுவது, உம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதாகவே எங்கள் பேச்சு சென்றது. வாப்பா சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு, 'விளங்கவில்லை' என்றால் ஏன் விளங்கவில்லை என்று பார்க்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

வாப்பாவுக்குக் கண் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. கிளாக்கோமா. இழந்த பார்வையைத் திரும்பப் பெற வழியில்லாத நோய் அது. நான்கு ஆண்டுகளாக அவர்களால் குர்ஆனைப் பார்த்து ஓத இயலவில்லை. ஆகவே நாளொன்றுக்கு ஒரு ஜுஸ்உ என்று கணக்கு வைத்துக்கொண்டு கேட்டு வருகிறார்கள். அதுவும் எகிப்து நாட்டுக் காரீ மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரீ அவர்களின் ஓதல் மட்டுமே. முழுக் குர்ஆனையும் ஓதி முதன்முதலாக ஒலிப்பதிவு செய்தவர் அவர்; ஆண்டு 1961. நிதானமாக, எழுத்து எழுத்தாக ஓதுவார். வாப்பாவுக்கு அந்த நிதானம் பிடிக்கும். கேட்டுக்கொண்டே உதடசைத்துக் கூடவே ஓதுவார்கள். கண் போன பின் அவர்களுக்கு மிஞ்சிய கத்தம் இதுதான்.

அந்த ஓதல் வருவது, வாப்பா 1986-இல் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஒரு ஜோடி ஸ்பீக்கர் பெட்டிகளின் வழியாக. ஒவ்வொன்றிலும் எட்டங்குல ஊஃபர் ஒன்று, விரற்கடை அளவில் ட்வீட்டர் ஒன்று. நாகூர் ஹனிபாவின் கேசட்டுகளை எங்கள் பிள்ளைப்பருவம் முழுதும் இந்தப் பெட்டிகளில்தான் கேட்டோம். தியாகராய நகருக்குக் குடிவந்தபோது பாத்திரம் பண்டங்களுக்கு முன்னால் வண்டியில் ஏறியவை இவைதாம் என்று உம்மா இன்றும் குறை சொல்வார்கள்.

எங்கள் வீடு உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. சாலைக்குப் பெயர் தந்த சர் முகம்மது உஸ்மான், 1934-இல் சில மாதங்கள் சென்னை மாகாணத்தின் பொறுப்பு ஆளுநராக இருந்தவர். இன்று அவரே வந்து நின்றாலும் மாலை ஆறு மணிக்குத் தம் சாலையைக் கடப்பது கடினம். ஹாரனும், கடைவாசல் அறிவிப்பும், தள்ளுபடி விற்பனைக் கூவலுமாகப் பகல் முழுதும் இரைச்சல். அதனால் வாப்பா கேட்பதற்கு ஃபஜ்ருக்கு முந்திய நேரத்தைத் தேர்ந்துகொண்டார்கள். அந்த நேரத்திலும் விளங்காமற்போகவே ஒலியை ஏற்றினார்கள். ஆம்ப்ளிஃபயரின் குமிழ் கடிகார முள்ளைப்போல் ஒன்பது மணியில் நின்றது போய், பன்னிரண்டுக்கு வந்து, பிறகு இரண்டுக்கும் சென்றது.

மேல்தளத்து மாமி ஒருநாள் படியில் எங்களை நிறுத்தினார். ஓய்வுபெற்ற ஆசிரியை. "பாய், பெரியவர் பகவானை நினைக்கறதை நிறுத்தச் சொல்லி நான் வரலை. பேத்திக்குப் பிளஸ் டூ பரீட்சை. ராத்திரி ஒரு மணி வரைக்கும் படிச்சிட்டுத் தூங்கறா. நாலரைக்கெல்லாம் எழுந்துடறா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் மறுமொழி சொல்லியிருப்போம். அவர் சொன்ன விதத்தில் எங்களுக்குத் தலை குனிந்தது. அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி எத்தனை ஜும்ஆ உரைகளைக் கேட்டிருக்கிறோம்! நாட்டின் சட்டமும் அதையேதான் சொல்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல். ஃபஜ்ரு நேரம் சட்டத்தின் கணக்கில் இரவு.

காதைப் பரிசோதிக்க அழைத்துச் சென்றோம். வரைபடத்தில், தாழ்ந்த ஒலிகளுக்கு வாப்பாவின் காது வயதுக்கு நன்றாகவே இருந்தது. 3000 ஹெர்ட்ஸுக்கு மேல் கோடு சரிந்து இறங்கியது. முதுமையில் உச்ச ஒலிகள்தாம் முதலில் கைவிடும் என்றார் மருத்துவர். காதுக் கருவி வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். விலையைக் கேட்டோம். "ரமளான் கழியட்டும், பார்ப்போம்" என்று வீடு திரும்பினோம். இந்த 'பார்ப்போம்' என்ற சொல்லுக்குப் பின்னர் வருவோம்.

ஆக, குற்றம் காதில் என்று முடிவாயிற்று. மறதி வேறு இருக்கலாம் என்ற ஐயம் தனியே இருந்தது. பெட்டியின்மேல் எவருக்கும் ஐயம் எழவில்லை. அதை எழுப்பியவள் எங்களில் இளையவரின் மகள், ஒன்பது வயதுச் சிறுமி. மாலை மக்தபில் அந்நாஸ் சூராவைத் திருத்தமாக ஓதப் பழகிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வசனமும் ஸீனில் முடியும் சூரா அது. கைப்பேசியில் ஹெட்ஃபோன் மாட்டி ஹுஸரீயைக் கேட்டுப் பழகியவள், ஒருநாள் பாட்டனாரின் அறையில் அதே ஓதலைப் பெட்டி வழியாகக் கேட்டுவிட்டு வந்து, "இவங்க ஏன் இங்கே மட்டும் ஸீனை ஸா மாதிரி ஓதுறாங்க?" என்று கேட்டாள்.

ஸீன் பற்களிடையே சீறி வரும் ஒலி. ஸா, நாக்கு நுனி மேற்பல்லைத் தொட்டு மெல்லக் கசியும் ஒலி. எழுத்து மாறினால் பொருள் மாறும். ஆகவேதான் உஸ்தாதுகள் அந்த இடத்தில் பிள்ளைகளை விடாமல் திருத்துகிறார்கள். ஸீனின் சீறலுக்குரிய ஒலியாற்றல் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் இருக்கிறது. அந்தப் பகுதியை வெட்டிவிட்டால் ஸீன் மழுங்கி, வேறோர் எழுத்தைப்போல் கேட்கும். ஒன்பது வயதுக் காதுக்கே மழுங்கிக் கேட்டது என்றால், பழுது வாப்பாவிடம் மட்டும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டிகளைக் கூடத்தில் கிடத்தித் துணி வலையைக் கழற்றினோம்.

ஒலிபெருக்கி வேலை செய்யும் விதம் எளியது. அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள் 1925-இல் வெளியிட்ட அமைப்புதான் இன்றளவும் பெரும்பாலும் நிலைத்திருக்கிறது. காந்தத்தின் மெல்லிய இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள். அதைக் காயில் என்பார்கள். அதனோடு ஒட்டிய காகிதக் கூம்பு, கோன். மின்சாரம் ஏறி இறங்கும்போது காயில் முன்னும் பின்னும் துடிக்கிறது, கோன் காற்றைத் தள்ளுகிறது. கோனின் வெளி விளிம்பைச் சட்டத்தோடு பிணைக்கும் வளையம் ஒன்று உண்டு. அக்காலப் பெட்டிகள் பலவற்றில் அது பாலியூரித்தேன் நுரையால் ஆனது. ஈரக் காற்றில் அந்த நுரை சிதைந்து மாவாக உதிரும். கடற்கரை ஊரான சென்னையில் அதற்கு ஆயுள் குறைவு.

எங்கள் பெட்டிகளில் அந்த நுரை ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே உதிர்ந்து, ஒரு கடையில் கொடுத்துச் சரிசெய்திருந்தோம். இப்போதுதான் அந்தச் சீரைக் கண்ணால் பார்த்தோம். பொதுக்கூட்ட மேடைகளில் வைக்கும் ஸ்பீக்கருக்கான, மடிப்பு மடிப்பான முரட்டுத் துணி விளிம்பை ஒட்டி அனுப்பியிருந்தார்கள். கிழியாது, உண்மைதான். ஆனால் கோனை அசையவும் விடாது. தாழ்ந்த ஒலி வராமல், நடு ஒலி மட்டும் தகரக்குவளையில் பேசுவதுபோல் முன்னே நிற்கும். கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. 'சத்தம் வந்தால் போதும்' என்று கொடுத்தவர்கள் நாங்கள்தாமே.

ஆனால் ஸீனைத் தின்றது துணி விளிம்பு அன்று. அது பெட்டியின் உட்புறத்தில், ட்வீட்டருக்குப் போகும் கம்பியில், அரைவிரல் நீளத்தில் ஒட்டியிருந்த ஒரு கெப்பாசிட்டர்.

ட்வீட்டர் மென்மையான உறுப்பு. தாழ்ந்த ஒலியின் ஆற்றல் அதற்குள் போனால் கருகிவிடும். உச்ச ஒலியை மட்டும் அனுமதிக்கும் வாயிற்காவலனாக அந்தக் கெப்பாசிட்டர் நிற்கிறது. எங்களுடையதில் 4.7 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தது. எட்டு ஓம் ட்வீட்டரோடு சேரும்போது ஏறக்குறைய 4200 ஹெர்ட்ஸிலிருந்து வாயில் திறக்கும் என்பது கணக்கு. அளந்து பார்த்தோம். ஒன்று 3.1 காட்டியது, மற்றொன்று 3.4. அந்த வகைக் கெப்பாசிட்டருக்குள் ஒரு திரவம் உண்டு. ஆண்டுகள் செல்லச் செல்ல அது வற்றும். அளவு 3.1 ஆகக் குறைந்தால் வாயில் 6400-க்கு மேல் நகர்ந்துவிடுகிறது. உள்தடையும் கூடுவதால் அதன்பின் வருவதும் அடங்கியே வருகிறது. எந்த இடத்தில் வாப்பாவின் காது தளர்ந்ததோ, கிட்டத்தட்ட அதே இடத்தில் எங்கள் பெட்டியும் தளர்ந்திருந்தது. இரண்டு இழப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாய் விழுந்திருக்கின்றன. நாங்கள் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு, மூன்றாவதாக அவர்களின் நினைவாற்றலையும் சேர்த்துப் பழி சொல்லியிருக்கிறோம்.

மறுநாள் ரிச்சி தெரு. அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால், மின்னணுப் பொருள் எதற்கும் அங்கே ஒரு கடையும் ஒரு மனிதரும் உண்டு. பாலிப்ரோப்பிலீன் ஃபிலிம் வகைக் கெப்பாசிட்டர் நான்கு வாங்கினோம். அதில் வற்றுவதற்குத் திரவமே இல்லை. எட்டங்குல ரப்பர் வளையம் ஒரு ஜோடி தேட மட்டும் இரண்டு மணி நேரம் ஆயிற்று. எட்டங்குலம் என்பது சட்டத்தின் அளவு. வளையம் பொருந்த வேண்டியது கோனின் அளவுக்கு. காகிதத்தில் வரைந்து எடுத்துப் போகாதவர்கள் இரண்டு முறை போகவேண்டியிருக்கும். நாங்கள் இரண்டு முறை போனோம். லுஹரை மக்கா மஸ்ஜிதில் தொழுதுவிட்டுத் திரும்பினோம்.

வளையம் ஒட்டுவது பொறுமையின் வேலை. பழைய துணியையும் பசையையும் கோன் கிழியாமல் பிளேடால் சுரண்டி எடுக்கவே ஒரு மாலை போயிற்று. அதன்பின் கோனை மிகச்சரியாக நடுவில் நிறுத்தவேண்டும். காயில் ஆடும் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சற்றே சாய்ந்தாலும் உரசிக் கரகரக்கும். அதற்கு ஒரு வழி உண்டு. நடுவிலுள்ள தூசிமூடியை அறுத்தெடுத்து, காயிலுக்கும் காந்தத்தின் நடுத்தண்டுக்கும் இடையே மெல்லிய பட்டைகளைச் சுற்றிலும் செருகிவிட்டால் காயில் தானாக நடுவில் நிற்கும். பசை காய்ந்ததும் பட்டைகளை உருவிவிடலாம். எக்ஸ்ரே ஃபிலிம் அதற்கு நல்ல கனம். வாப்பாவின் பழைய நெஞ்சு எக்ஸ்ரேயைத்தான் வெட்டினோம். "அவங்க நெஞ்சையுமா வெட்டுறீங்க?" என்று உம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

கெப்பாசிட்டர் மாற்றுவது பத்து நிமிட வேலை. ஆனால் புதியதன் உள்தடை மிகக் குறைவாதலால் ட்வீட்டர் சிலசமயம் கூச்சலிடும். அப்போது ஓர் ஓம் அளவில் சிறு ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் சேர்த்தால் அடங்கும் என்று ரிச்சி தெருவில் ஒரு முதியவர் சொல்லியனுப்பியிருந்தார். எங்கள் வீட்டில் அதற்குத் தேவை ஏற்படவில்லை. கேட்கப்போகிறவரின் காதே அந்தப் பகுதியில் தாழ்ந்திருந்ததால், சற்று ஓங்கி வருவது அனுகூலமாயிற்று. பெட்டியின் மூலைகளில் ஈரத்தால் உப்பியிருந்த துகள்பலகை இடுக்குகளை எம்-சீல் வைத்து அடைத்தோம்.

புதன்கிழமை இஷாவுக்குப் பிறகு இணைத்து, ஹுஸரீயை ஓதவிட்டோம். ஸீன் துல்லியமாகச் சீறியது. நாங்கள் பெருமையோடு வாப்பாவின் முகத்தைப் பார்த்தோம். அவர்கள் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "எழுத்து நல்லா விளங்குது. ஆனா ஓதுறவஹ எங்கே உட்கார்ந்திருக்காஹ? முன்னாலதானே இருப்பாஹ? இப்ப அறை பூராவும் பரவிப் போயிட்டாஹளே" என்றார்கள்.

எங்களுக்கு எந்த வேறுபாடும் கேட்கவில்லை. வயதானவர், புதிய ஒலி பழகவில்லை என்று வாயெடுத்தோம். நல்லவேளையாக அதைச் சொல்லி முடிக்கவில்லை. மூத்தவர் எழுந்துபோய் ஒரு பேனா பேட்டரியை எடுத்து வந்தார். ஊஃபரின் இரு முனைகளில் ஒன்றரை வோல்ட்டைத் தொட்டால், இணைப்பு சரியாயின் கோன் வெளியே குதிக்கும். மாறியிருந்தால் உள்ளே இழுக்கும். இடப்பெட்டியின் கோன் வெளியே வந்தது. வலப்பெட்டியின் கோன் உள்ளே போனது. வளையம் ஒட்டிவிட்டுக் கம்பியை மாற்றிச் சொருகியிருந்தோம். அப்படி மாறினால் ஒரு பெட்டி காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும். ஹுஸரீயின் ஓதல் ஒற்றைத் தடத்தில் பதிவானது. அது இரு பெட்டிகளுக்கும் நேர் நடுவில் ஒரு மனிதர் அமர்ந்திருப்பதுபோல் கேட்கவேண்டும். கம்பி மாறினால் அந்த நடு இடமே கரைந்துவிடும். அதைக் கண்ணும் காதும் உள்ள நாங்கள் இருவரும் அறியவில்லை. கண்ணில்லாதவர், காதும் தளர்ந்தவர், முதல் நிமிடத்தில் அறிந்துவிட்டார்.

கம்பியை மாற்றிப் போட்டோம். "ஆ, வந்துட்டாஹ" என்றார்கள் வாப்பா. அவர்களின் கை தானாகவே முன்னே நீண்டு, காரீ இருக்கும் இடத்தைக் காட்டியது. பிறகு உதடுகள் அசையத் தொடங்கின. அந்நபஉ சூராவிலிருந்து அந்நாஸ் வரை ஓரிடத்திலும் தட்டாமல் கூடவே ஓதி முடித்தார்கள். மறதியைப் பற்றி மொட்டைமாடியில் பேசியவர்கள் இருவரும் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

குமிழ் பத்து மணிக்கு இறங்கிவிட்டது. மேல்தளத்து மாமியிடம் சென்று, இனியும் கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள் என்றோம். "நிறுத்திட்டேளோன்னு நினைச்சேன்" என்றார்.

இத்தோடு நின்றிருந்தால் எங்களைப் பற்றிச் சற்று நல்லவிதமாக எழுதியிருக்கலாம். ஆனால் இந்தப் பெட்டி வேலைக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. ஒன்றைச் சரிசெய்து ஒலி தெளிந்ததும், அடுத்ததைச் சரிசெய்தால் இன்னும் எவ்வளவு தெளியும் என்று மனம் ஓடுகிறது. பட்டுத்துணிக் குவிமாடம் கொண்ட ஐரோப்பிய ட்வீட்டர், காற்றுக் கருச் சுருள், விலை மிகுந்த கெப்பாசிட்டர், பாம்பு மொத்தத்தில் கேபிள் என்று இரவுதோறும் விலைப்பட்டியல் பார்த்துக்கொண்டிருந்தோம். கேபிளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் சாதாரணச் செம்புக் கம்பி ஐந்து மீட்டருக்குப் போய்வரும் தடை 0.12 ஓம் அளவுதான். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதற்கு மேல் ஆயிரக்கணக்கில் கொடுப்பது எங்கள் கருத்தில் வீண்விரயம். இதை உறுதியாகச் சொல்கிறோம். ஏனெனில் மற்றவை விரயம் என்று எங்களுக்கு அப்போது தோன்றவில்லை.

ஒரு மாலை, ட்வீட்டர் ஒரு ஜோடிக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தபோது உம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தார்கள். தொகையைக் கேட்டார்கள். சொன்னோம்.

"காதுக்கு மிஷின் அதைவிடக் கூடவா?"

இல்லை. ஏறக்குறைய அதே தொகைதான். ஒரு காதுக்கு.

உம்மா வேறொன்றும் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பெட்டிக்குச் செலவிட எங்களுக்கு ஏன் தயக்கம் வரவில்லை என்பதற்கு இன்றும் நாணயமான விடை எங்களிடம் இல்லை. பெட்டியில் வேலை செய்யும்போது நாங்கள் கெட்டிக்காரர்கள் ஆகிறோம். காதுக் கருவி வாங்கும்போது வெறும் பிள்ளைகள்தாம். அது காரணமாக இருக்கலாம்.

ரமளானுக்குப் பதினோரு நாள் இருக்கையில் கருவி பொருத்தினோம், முதலில் வலக்காதுக்கு. வாப்பா முன்பு வேண்டாம் என்றதற்கும் காரணம் சொன்னார்கள்: "கேட்கவே ஒண்ணும் சரியா இல்லாதப்ப மிஷின் எதுக்குன்னு இருந்தேன்." ஆலிம் ஒருவரும் வாரம் இருமுறை வருகிறார். ஓதிக் காட்டுவதற்கு இப்போது தேவையில்லை. இருந்தும் வரட்டும் என்று வாப்பா சொல்லிவிட்டார்கள். பெரும்பாலும் நாகூரைப் பற்றிய பேச்சில் நேரம் போகிறது. அல்ஹம்துலில்லாஹ், அந்த ரமளானில் வாப்பாவுக்கு இரண்டு கத்தம் முடிந்தது.

கருவி பொருத்தி வீட்டுக்கு வந்த முதல் நாள், வாப்பா தம் அறையில் அமர்ந்து வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார்கள். ஹுஸரீயைப் போடட்டுமா என்று கேட்டோம். கையை உயர்த்தி நிறுத்தினார்கள்.

"இந்த ஃபேன் எத்தனை நாளா இப்படிக் கத்துது? வீட்டுல ஒருத்தர் காதுலயும் விழலையா?"

ஸ்டூலை எடுத்து வந்து ஃபேனைக் கழற்றினோம்.